பல துறைப் பட்டப்படிப்பு

பதினோராம் வகுப்பில் உயிரியலை விட்டுக் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பெரும்பாலும் உயிரியல் நூலை மீண்டும் திறப்பதில்லை. பதினாறு வயதில் விட்ட பாடத்தின்மீது பின்னர் விருப்பம் பிறந்தால் என்ன செய்வது?

வெங்கி இராமகிருஷ்ணன் 1952ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோருடன் குஜராத்தின் பரோடாவுக்குச் சென்று அங்கு வளர்ந்தார். அவர் 1971இல் இயற்பியலில் இளநிலைப் பட்டமும், 1976இல் அமெரிக்காவில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆனால் அவர் மனம் உயிரியலை நாடியது. முனைவரான அவர் மீண்டும் மாணவராகி, சான் டியாகோ நகரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உயிரியல் பயின்றார். உயிரணுவில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 2009இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இயற்பியல் கற்றவர், உயிரியலில் ஆய்வு செய்து பெற்றதோ வேதியியல் பரிசு!

எல்லாராலும் இவ்வாறு மீண்டும் முதலிலிருந்து தொடங்க இயலாது. அதற்குரிய காலமும் பொருளும் குடும்பத்தாரின் பொறுமையும் அனைவருக்கும் வாய்ப்பதில்லை. முதலில் விரிவாகக் கற்று, பின்னர் ஒன்றில் ஆழ்ந்து செல்லும் படிப்புகள் இங்குத்தான் உதவுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011இல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு அத்தகையது. முதல் மூன்று பருவங்களில் எல்லா மாணவரும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கையும் கற்கின்றனர். பொறியியல், கலைப்புலப் பாடங்களும் உண்டு. முதன்மைப் பாடத்தைத் தேர்வது அதன் பின்னரே.

இத்தகைய படிப்பு எளிது என்று எண்ணுதல் தவறு. பள்ளியில் உயிரியலை விட்டவரும் அதனை மீண்டும் கற்றேயாக வேண்டும். கணிதத்துக்கு அஞ்சுபவருக்கும் விலக்கு இல்லை. பெற்றோரின் தயக்கமும் பொருளற்றதன்று. ஆசிரியர் பணி போன்ற சில பணிகளுக்குக் குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே, பட்டச் சான்றிதழில் முதன்மைப் பாடத்தின் பெயர் இடம்பெறுமா என்பதைச் சேருமுன்பே கேட்டறிதல் நன்று. கல்லூரியின் வண்ண விளம்பர ஏடு இதனைச் சொல்லாமலும் விடலாம்!

அருஞ்சொற்பொருள்
நாடியது – விரும்பியது. பருவம் – அரையாண்டுக் கல்விக் காலம். விலக்கு – விதியிலிருந்து விடுபடுதல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: பொருளற்றதன்று
2. வெங்கி இராமகிருஷ்ணன் மீண்டும் மாணவரானது ஏன்?
3. நீ விட்டுவிட்ட பாடம் ஒன்றை மீண்டும் கற்கும் வாய்ப்புக் கிடைத்தால் எதனைக் கற்பாய்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.