விலை குறைந்த சக்கரம் வாங்குமுன்

சந்தவாசலிலும் ஆரணியிலும் நெசவாளர் வீடுகள் சிலவற்றில் இன்று பழைய கார் நிற்கக் காண்கிறோம். பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்தால், மலிவான ரிம் எங்கே கிடைக்கும் என்றே முதலில் விசாரிக்கிறோம். விலைக்கு முன் அளவைக் கேட்க வேண்டும். தறிக்கு ஏற்ற அச்சு வாங்குவதில்லையா?

நட்டு பூட்டும் துளைகளின் மையங்கள் வழியே வட்டம் வரைந்தால், அதன் விட்டமே பி.சி.டி. மாருதி ஸ்விஃப்ட் காருக்கு 4 துளைகள், 100 மி.மீ.; ஃபியட் பாலியோவுக்கும் துளைகள் 4 தான், விட்டமோ 98 மி.மீ. "2 மில்லிமீட்டர்தானே!" என்று முறுக்கிவிடுவோர் உண்டு. நட்டு சாய்ந்து அமரும், ஓட்டத்தில் தளரும். குடும்பமே ஏறிச் செல்லும் வண்டியன்றோ!

14 அங்குல ரிம்மை 15 ஆக்க விரும்பினால், நம் வகுப்புக் கணக்கே போதும். 165/80 ஆர்14 டயரில் 165இல் 80 விழுக்காடு 132. அதன் இருமடங்கு 264. ரிம் விட்டம் 355.6, ஆக 619.6 மி.மீ. 185/65 ஆர்15 டயருக்கு இவ்வாறே 621.5 வரும். வேறுபாடு அற்பம், வேகமானியும் ஏறக்குறைய சரியாகவே காட்டும்.

பழைய அலாய் ரிம்மில் வெல்டிங் தழும்பு தெரிந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உருக்கு ரிம் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும்; அலாய் வெடிப்பு விடக்கூடும். கறுப்பு ரிம் அழகில்லை என்பர் அண்ணன்மார். சிக்கனத்திற்கு அதுவே மேல் என்போம் நாம்.

பூட்டிய பின் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.