ரெண்டு பல்பும் 6500 கெல்வின்தான்... அப்புறம் ஏன் ரெண்டு வெள்ளை?

ஹாஸ்டல் வராண்டாவில் வரிசையா எரியுற எல்.இ.டி பல்புகளை ஒரு தடவை நின்னு பாருங்க. ஒண்ணு லேசா நீலமா தெரியும், பக்கத்துல இருக்கிறது கொஞ்சம் பச்சையடிக்கும். ஆனா ரெண்டு டப்பாவிலும் 6500 கெல்வின்னுதான் போட்டிருக்கும். அது பொய்யில்லை. அந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்லுது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

கெல்வின் சொல்வது என்ன?

இரும்பைக் காய்ச்சினா முதல்ல சிவக்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளைன்னு மாறும். இதேபோல ஒரு கரும்பொருள் எந்த வெப்பநிலையில் எந்த நிறத்தில் ஒளிரும் என்பதை வைத்துத் தரப்படுவதுதான் நிற வெப்பநிலை. பழைய குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின். கூல் டேலைட் 6500. எண் கூடக் கூட ஒளி நீலத்தின் பக்கம் போகும்.

குண்டு பல்பின் இழை நிஜமாவே அந்தச் சூட்டில்தான் இருக்கு. எல்.இ.டி அப்படி இல்லை. சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி தரும் சிப், அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. ரெண்டு ஒளியும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. அதனால அந்த வெள்ளை, நிற வரைபடத்தில் கரும்பொருள் கோட்டின்மேல் சரியா உட்காரணும்னு அவசியமில்லை. கோட்டுக்கு மேலே போனா பச்சைச் சாயல், கீழே போனா ரோஸ் சாயல். ஆனா ரெண்டுக்கும் கெல்வின் எண் ஒண்ணாவே இருக்கலாம்!

வித்தியாசம் எங்கிருந்து வருது?

சிப்பின் அலைநீளம் சில நானோமீட்டர் நகர்ந்தாலோ, பாஸ்பர் பூச்சின் தடிமன் மாறினாலோ நிறம் மாறிடும். அதனால தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு எல்.இ.டி-யையும் அளந்து, நிறவாரியாப் பிரிக்கிறாங்க. இதுக்குப் பேர் பின்னிங். அமெரிக்காவின் அன்சி சி78.377 தரப்படி, 6500 என்ற பெயருக்குள்ளேயே 6530 ± 510 கெல்வின் வரை இடம் உண்டு. அதாவது 6020-ம் 6500தான், 7040-ம் 6500தான்.

எவ்வளவு மாறினா கண்ணுக்குத் தெரியும்?

1942-இல் டேவிட் மெக்ஆடம், ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பப் பொருத்தச் சொல்லி, அதில் வரும் சிதறலை அளந்தார். சிதறல் நீள்வட்டமா அமைஞ்சுது. அதன் திட்ட விலக்கம்தான் ஒரு ஸ்டெப், எஸ்.டி.சி.எம் என்று டேட்டாஷீட்டில் பார்ப்பது இதைத்தான். 3 ஸ்டெப்புக்குள் இருந்தா பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. 7 ஸ்டெப் ஆச்சுன்னா பக்கத்துல வெச்சதும் தெரிஞ்சிடும்.

இன்னொரு விஷயம்: கெல்வின் வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவு உறுத்தாது. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்துப் பாருங்க. அந்த அளவுக்கு மைரெட் என்று பெயர். 2700-லிருந்து 2800-க்குப் போனா சுமார் 13 மைரெட் மாற்றம். 6500-லிருந்து 6600-க்கு வெறும் 2.3 மைரெட். அதே 100 கெல்வின்தான், ஆனா வார்ம் ஒயிட்டில் பல மடங்கு பெருசு.

நமக்கு இதனால என்ன?

தக்காளியை நிறம் பார்த்துப் பிரிக்கிற கேமரா புராஜெக்ட் செய்றீங்கன்னு வைங்க. லேப் வெளிச்சத்தில் செட் பண்ணின த்ரெஷோல்டு, டெமோ நாளில் வேற ஹாலில் அப்படியே சொதப்பலாம். கோடு சரியாத்தான் இருக்கும், மாறினது வெள்ளை. அதனால:

1. விளக்கையும் புராஜெக்டின் ஒரு பாகமா நினைச்சு, கூடவே எடுத்துட்டுப் போங்க.
2. கெல்வினோடு எஸ்.டி.சி.எம் மதிப்பையும் பார்த்து வாங்குங்க.
3. ஸ்பேர் பல்புகளை அதே பேட்ச்சிலேயே வாங்கிடுங்க.

சோதிச்சுப் பார்க்கணுமா? போன் கேமராவை புரோ மோடில் போட்டு, ஒயிட் பேலன்ஸை 5000-இல் நிறுத்துங்க. ஒரே வெள்ளைத் தாளை ரெண்டு பல்புக்கடியிலும் தனித்தனியா படம் எடுங்க. ஆட்டோவில் விட்டா கேமராவே வித்தியாசத்தை மறைச்சிடும், ஜாக்கிரதை!