சிவராத்திரிக்குள் மேப்பிளுக்குச் செய்ய வேண்டியவை
தங்கவயல் போன்சாய் வளர்ப்போருக்கு – தை, மாசி

பொங்கல் முடிந்த கையோடு மாடியில் இருக்கும் மேப்பிள் தொட்டியைக் காலை வெயிலில் வைத்து நிதானமாகப் பாருங்கள். பாதி இலை பழுத்திருக்கும். கால்வாசி ஓரம் கருகித் தொங்கும். நுனியில் மட்டும் நாலைந்து இலை இன்னும் பச்சையாக நிற்கும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் மொட்டையாக உறங்க வேண்டிய மரம் இது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை இரவுகளில் போர்வை தேடும் அளவுக்குக் குளிருகிறது. வெள்ளைக்காரர்கள் நம் ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடியதில் அந்தக் குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் மேப்பிளுக்கு அது அரைத் தூக்கம்தான். அந்தத் தூக்கமும் மாசி பாதியில் கலைந்துவிடும். ஆகவே வெட்டுவது, கம்பி கட்டுவது, மண் மாற்றுவது எல்லாம் அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த மேப்பிள் என்று பாருங்கள். இலை வாத்துக்கால் மாதிரி மூன்று பிரிவாக இருந்தால் அது கிழக்குச் சீனாவும் தைவானும் சொந்த ஊராகக் கொண்ட முக்கிளை மேப்பிள். வெப்பத்தை ஓரளவு தாங்கும். நம் ஊரில் பாடுபடலாம் என்றால் இதோடுதான் படலாம். விரித்த கைபோல ஐந்தோ ஏழோ பிரிவு இருந்தால் ஜப்பான் மேப்பிள். படத்தில் அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்து சித்திரை வெயிலில் பறிகொடுத்தவர்கள் நிறைய. அதை வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டு வேரைத் தொடாதீர்கள், கிளையையும் அதிகம் வெட்டாதீர்கள். உயிரோடு கோடையைத் தாண்டட்டும்.

மரம் திடமாக இருந்து, பாதிக்கு மேல் இலை தானாகவே உதிர்ந்திருந்தால், மிச்ச இலைகளை நீங்களே எடுத்துவிடலாம். பிடித்து இழுக்கக் கூடாது. இலையைக் கத்தரித்துக் காம்பை விட்டுவிட்டால் அது காய்ந்து தானே விழும். அதன் அக்குளில் இருக்கும் மொட்டுக்குச் சேதம் வராது.

இப்போது அந்த மொட்டைப் பாருங்கள். ஊசி முனைபோல் கூராக, கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருந்தால் கத்தரியை எடுக்கலாம். உப்பி, செதில் விலகி, இடுக்கில் பச்சைக் கோடு தெரிந்தால் பெரிய வெட்டு எதுவும் வேண்டாம். மேப்பிளில் அந்த நேரத்தில் நீரோட்டம் மேலேறிக் கொண்டிருக்கும். வெட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக வடியும், காயம் ஆற நாளாகும். பெருவிரல் கனக் கிளையை எடுக்கும் எண்ணம் இருந்தால் ஆடி, ஆவணிக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போது வெயில் தணிந்திருக்கும், இலையும் முற்றியிருக்கும்.

மேப்பிளுக்கு மொட்டுகள் எதிரெதிராக ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். எந்த ஜோடிக்கு மேலே வெட்டுகிறோமோ அந்தத் திசையில் கிளை இரண்டாகப் பிரியும். ஆகவே வெட்டும் முன் கிளையைத் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டில் பார்க்கும் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்; மேலும் கீழுமாகப் பார்க்கும் ஜோடிக்கு மேலே வெட்டினால் ஒன்று வானத்துக்கும் ஒன்று தரைக்கும் போகும். ஒரே கணுவில் மூன்று நான்கு குருத்து வந்தால் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் முழங்கால் மூட்டுபோல வீங்கிவிடும், பிறகு அதைச் சரி செய்யவே முடியாது.

இளம் மரத்தில் பலர் செய்யும் தவறு, பென்சில் கனத் தண்டை வைத்துக்கொண்டு தினமும் நுனி கிள்ளுவது. தண்டைத் தடிக்க வைப்பது அதற்கு மேலே இருக்கும் இலைகள்தான். எல்லாவற்றையும் கிள்ளிக்கொண்டே இருந்தால் பத்து வருடம் ஆனாலும் அது பென்சிலாகவே இருக்கும். அடியில் ஒரு கிளையை வெட்டாமல் மூன்றடி, நான்கடி என்று ஓட விடுங்கள். அது அசிங்கமாகத்தான் தெரியும். பரவாயில்லை. அந்தக் கிளை கீழ்த்தண்டுக்கு ஊட்டம் கொடுத்துத் தடிக்க வைத்த பிறகு அதை எடுத்துவிடலாம். அதுவரை ஆழமில்லாத போன்சாய்த் தட்டும் வேண்டாம். அகலமான சாதாரணத் தொட்டியோ வளர்ப்புப் பையோ போதும்.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இலேயே வந்த ஊர் இது. பழைய செம்புக் கம்பியைப் பார்த்தாலே எடுத்துச் சுற்றக் கை துறுதுறுக்கும். மேப்பிளுக்கு அது வேண்டாம். இதன் பட்டை மெல்லியது, செம்பு அழுத்திக் கிழித்துவிடும். மென்மையான அலுமினியக் கம்பி வாங்குங்கள். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பி, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், ஒரே இடைவெளியோடு சுற்ற வேண்டும். ஒரே கம்பியின் இரு முனையால் பக்கத்துப் பக்கத்து இரண்டு கிளைகளைச் சுற்றினால் நடுவில் தண்டு பிடிமானமாக இருக்கும். கிளையை வளைக்கும்போது இரண்டு பெருவிரல்களும் வளைவின் உட்புறத்தில் தாங்கலாக இருக்கட்டும். தண்டோடு சேரும் கவட்டையில்தான் மேப்பிள் கிளை பட்டென்று முறியும்.

சுற்றுவதைவிட எடுப்பதுதான் முக்கியம். மூன்று வருடம் முன்பு ஒரு மாசியில் கம்பி கட்டினேன். வீட்டில் கல்யாண வேலை. மாடிக்குப் போனால் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிடுவேன். சித்திரையில் ஒருநாள் கிளையைத் தடவியபோது விரலுக்குக் கம்பியே தட்டுப்படவில்லை. பட்டை அதை விழுங்கியிருந்தது. அவசரத்தில் திருகி எடுக்கப் போய்ப் பட்டையும் சேர்ந்து உரிந்தது. இன்றும் அந்தக் கிளையில் திருகாணிச் சுற்றுபோலத் தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு முறை இலை உதிரும்போதும் கண்ணில் படுகிறது. அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம். இன்று கட்டினால் இன்றே நாட்காட்டியில் நான்காம் வாரத்தில் ஒரு குறி போடுங்கள். இலை விரிந்த பிறகு வாரம் ஒருமுறை கம்பியின் ஓரத்தைப் பாருங்கள். பட்டை கம்பியைத் தொட்டு மேடு கட்டத் தொடங்கினால் அன்றே எடுத்துவிட வேண்டும், வளைவு நிற்காவிட்டாலும் சரி. திருகி எடுக்காமல் சுற்றுக்குச் சுற்று துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

என் அபிப்பிராயத்தில் நம் ஊருக்குக் கம்பியைவிடக் கத்தரியே ஏற்றது. தென்சீனத்தில் குவாங்டோங் பக்கம் லிங்னான் என்றொரு மரபு உண்டு. வளரவிட்டு, தேவையான திசையில் இருக்கும் மொட்டுக்கு மேல் வெட்டி, அது மீண்டும் வளர்ந்ததும் மறுபடி வெட்டுவார்கள். திருப்பமெல்லாம் வெட்டாலேயே வந்துவிடும். வெப்பமான இடத்தில் மரம் ஆண்டின் பெரும்பகுதி வளர்வதால் அந்த முறை பலிக்கிறது. சாய்க்க வேண்டிய கிளைக்கு மட்டும் சணல் கயிறு கட்டித் தொட்டி விளிம்போடு இழுத்து வையுங்கள், பட்டைக்கு ஆபத்தில்லை.

மண் மாற்ற வேண்டியவர்கள் மொட்டு உப்புவதற்குள் மாற்றுங்கள். இளம் மரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். உடைந்த செங்கலை இடித்துச் சலித்து மிளகு அளவுத் துண்டு இரண்டு பங்கு, கிரஷர் சிப்ஸ் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைக்குப்பையோ சாணமோ ஒரு பங்கு. கோலார் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. தூசு முழுக்கச் சலித்துப் போக வேண்டும். தூசு இருந்தால் நீர் நிற்கும், வேர் அழுகும். நேரே கீழே இறங்கும் வேரைச் சுருக்கி, பக்கவேர்களை நட்சத்திரம்போல விரித்து, தண்டுக்கு நேர் கீழே ஓர் ஓட்டுத் துண்டு வைத்து நடுங்கள். வேர் பக்கவாட்டில் பரவும், அடித்தண்டு அகலும். பிறகு இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும், உரம் கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சைனைடு மேட்டு மண்ணைத் தொட்டிக்கு எடுத்து வராதீர்கள். பார்க்க மணல்போல இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, காசும் இல்லை என்று சிலர் கலக்குகிறார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும் வரை நம் அப்பன் பாட்டன் வெட்டி மேலே அனுப்பிய பாறை, ஆலையில் மாவாக அரைபட்டு, தங்கம் பிரிக்கப்பட்டு, மிச்சம் கொட்டிய குவியல் அது. மாவு தொட்டியில் சிமெண்டுபோல இறுகும். காற்றும் நீரும் போகாது. அதில் இன்னும் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்பதை நம் கையாலும், தொட்டி பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளாலும் சோதிக்க வேண்டாம். மேட்டுக்குப் பக்கத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள் காற்று வீசும் நாட்களில் இலையின் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

தண்ணீரும் கவனம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் இருந்தால் உங்கள் போர்வெல் நீர் கடினமானது. அந்த நீரால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போய், நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். ஐப்பசி மழையில் பிடித்து வைத்த நீர் இருந்தால் மேப்பிளுக்கென்று ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் குடிநீர் நிலையத்து நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை ஊற்றவே கூடாது. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது.

மேப்பிள் கிடைக்காதவர்களும் பறிகொடுத்தவர்களும் புளியங்கன்றை எடுங்கள். இலை இயல்பிலேயே சிறியது, பட்டை சீக்கிரம் முதிர்ந்த தோற்றம் கொடுக்கும், நம் வெயிலையும் நம் நீரையும் தாங்கும். துளிர் விடுவதற்கு முன் இப்போதே கவாத்து செய்யலாம். இச்சி வைத்திருப்பவர்கள் பொறுங்கள். அதன் வேரை இந்தக் குளிரில் வெட்டினால் சோர்ந்துபோகும். பங்குனி, சித்திரை வெப்பம் வந்த பிறகு செய்யுங்கள். நேரில் பார்த்துக் கற்க விரும்பினால் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் லால்பாக் போய் வரலாம், குடியரசு தின மலர்க்காட்சியும் இந்த நாட்களில்தான். வசதி உள்ளவர்கள் மைசூரு அவதூத தத்த பீடத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டத்தையும் பாருங்கள். நம் ஊர் மரங்கள் எப்படி உருவெடுக்கின்றன என்பது அங்கே தெரியும்.

சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். அதற்குள் பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலையை மாடியில் கட்டிவிடுங்கள். தொட்டி கிழக்குப் பக்கம் இருக்கட்டும், காலை பத்து மணி வரை வெயில் போதும். கான்கிரீட் தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். பகலெல்லாம் தளம் குடித்த சூடு ராத்திரியில் வேருக்குத்தான் ஏறும்.