ஜூன் 4 வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஓட்டுப் போட்டு மூன்று வாரமாகியும் வீட்டில் சண்டை ஓயவில்லை, டிவி முன்னால் உட்கார்ந்தாலே அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் குரல் ஏறிவிடுகிறது, எதிர்வீட்டுத் தோழி விளையாட வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். ‘அவங்க ஜெயிச்சா நம்ம கதி அவ்வளவுதான்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்த இரவு உனக்குத் தூக்கமே வரவில்லை. அம்மாவோ, சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கண்ணு. பெரியவர்கள் முகம் மாறினால் பிள்ளைக்கு வயிற்றைப் பிசையத்தான் செய்யும்.

பயம் பாதி குறைய ஒரு விஷயம் தெரிந்துகொள். இந்த 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19-ல் நாம் போட்ட ஓட்டு இன்னும் எண்ணப்படவே இல்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. நாடு முழுக்க 7 கட்டம். கடைசிக் கட்டம் ஜூன் 1. அன்று மாலை வரை எக்ஸிட் போல் வெளியிடவே தடை. ஆகவே டிவியில் யார் எவ்வளவு அடித்துப் பேசினாலும் முடிவு அவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் இத்தனை சத்தம்.

நான் தேர்தல் வேலைக்குப் போகும் வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். வாக்குச்சாவடியில் நடப்பதை நீ ஒருநாள் பார்க்க வேண்டும். விடியற்காலையிலேயே எல்லாக் கட்சி ஏஜென்ட்டுகளும் வந்துவிடுவார்கள். அவர்கள் கண்முன்னால் மாதிரி ஓட்டு, குறைந்தது 50, போட்டு எண்ணிக் காட்டுவோம். கணக்குச் சரியாக இருந்தால் அதையெல்லாம் அழித்துவிட்டு மெஷினுக்கு சீல் வைப்போம். அந்தச் சீலில் ஏஜென்ட்டுகளும் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் சாயங்காலம் வரை ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே மைக்கில் ஒருவரையொருவர் வறுத்தெடுத்த கட்சிக்காரர்கள்தான். ஏப்ரல் வெயிலில் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தால் பக்கத்துக் கட்சிக்காரர் தன் பாட்டிலை நீட்டுவார். ஒரு ஓட்டில் சந்தேகம் வந்தால் உடனே எதிர்ப்பும் சொல்வார். இரண்டும் சேர்ந்தே நடக்கும். கருத்து வேறானால் உறவு முறிந்துவிடும் என்று உன் தோழியின் வீட்டில் யாராவது நினைத்தால், அந்த பெஞ்சை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. ராத்திரி செய்தி விவாதம் ஓடும் நேரத்தில் நீ அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை. மாடிக்குப் போ, பாட்டியோடு உட்கார். பயமுறுத்தும் மெசேஜ் வந்தால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார். இரண்டும் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதே. மனசு கனத்தால் அழு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அப்பாவிடம் பேசவும் வேண்டும், ஆனால் டிவி ஓடும்போது வேண்டாம். காலையில் அவர் செடிக்குத் தண்ணீர் விடும் நேரம் பார்த்து, “நீங்க கத்தும்போது எனக்குப் பயமா இருக்குப்பா” என்று அவ்வளவு மட்டும் சொல். யார் சொல்வது சரி என்று கேட்காதே. கேட்டால் விவாதம் திரும்ப ஆரம்பித்துவிடும். அவர் என் அண்ணன், எனக்குத் தெரியும். தன்னால் பிள்ளை பயப்படுகிறாள் என்று அவருக்கு இதுவரை உறைத்திருக்காது.

ஜூன் 4 காலை 8 மணிக்கு எண்ணத் தொடங்குவார்கள். தபால் ஓட்டு முதலில். அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் முன்னிலை மாறி மாறி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டில் கூச்சலும் ஏறி இறங்கும். நீ மத்தியானத்துக்கு மேல் ஒருமுறை பார்த்தால் போதும். உங்கள் பக்கம் தோற்றால் அப்பா அன்று சரியாகப் பேச மாட்டார். அது உன்மேல் உள்ள கோபம் இல்லை. ஜெயித்தால், எதிர்வீட்டு வாசலில் போய் நின்று கத்தாதே.

தோழி விஷயத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போய்க் கூப்பிடு. அவள் வீட்டிலும் இதே சத்தம்தான் இருக்கும். வர மறுத்தால் இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிடு. பெரியப்பாவிடம் நான் இன்று ராத்திரி போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
அத்தை