கத்திரி வெயிலில் பவளத்தொட்டி விளக்கு

பவளத்தொட்டிக்கு எல்இடி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதத்தில் வைக்கணும்?" என்பதுதான். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு விளக்கின் 40 சதவீதம் இன்னொன்றின் 70-க்குச் சமமாக இருக்கலாம். எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, தொட்டி எவ்வளவு ஆழம் என்பதும் சேர்ந்துகொள்ளும். பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விழும் ஒளிதான் கணக்கு. அதை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைக் காட்டும் பார் (PAR) மீட்டரில் அளக்க வேண்டும். விலை அதிகம், ஆகவே நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்குவது நல்லது. செல்போன் லக்ஸ் ஆப் இதற்கு உதவாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, நீல ஒளியைக் குறைத்தே காட்டும். பவளத்துக்கு முக்கியமாக வேண்டியதோ அந்த நீலம்.

என் தொட்டியில் மென்பவளங்களும் ஜோவாந்தஸும் காளான் பவளமும்தான். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால், மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் போதும். காளானை அடியில், நிழல் பக்கமாக வைக்கலாம். புதிதாக வந்ததைக் குறைந்த ஒளியில் விட்டு, வாரத்துக்கு 5 சதவீதம் வீதம் ஏற்றுகிறேன். ஜோவாந்தஸ் தண்டை நீட்டி மேலே எட்டிப் பார்த்தால் ஒளி போதவில்லை. காளான் சுருங்கி வெளுத்தால் அதிகம். இன்று ஏற்றிவிட்டு நாளைக்கே முடிவு கட்டக் கூடாது, மாற்றம் தெரியச் சில நாள் ஆகும்.

மதுரைக்காரர்கள் இதற்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது சூடு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியை உணவாக்குகிறது. தண்ணீர் சூடேறியிருக்கும்போது ஒளியும் கூடினால் அந்தப் பாசி நச்சான ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்கும், பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் கோடைச் சூட்டில் இப்படித்தான் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் இருக்கும் தொட்டியைச் சொல்லவே வேண்டாம். அதனால் பங்குனி பிறந்ததும் உச்ச ஒளியைக் கால் பங்கு குறைத்துவிடுவேன். பிற்பகல் சூட்டோடு ஒளியும் சேராதபடி விளக்கு அதிகாலை 5 மணிக்கு எரிந்து பகல் 1 மணிக்கு அணையும். மாலையில் தொட்டியைப் பார்த்து ரசிக்க மங்கலான நீல ஒளி ஒரு மணி நேரம் போதும்.

தண்ணீர் மேல் காற்று வீசும்படி ஒரு சின்ன ஃபேனும் வையுங்கள். கத்திரியில் நம்மூர்க் காற்று உலர்ந்தது, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தைவிட இங்கே ஆவியாதல் வேகம், குளிர்ச்சியும் நன்றாகக் கிடைக்கும். ஆவியானது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்புங்கள், உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஐப்பசி மழையில் சூடு தணிந்ததும் ஒளியைப் பழைய அளவுக்கு ஒரே நாளில் ஏற்றாதீர்கள். மாதக்கணக்கில் குறைந்த ஒளிக்குப் பழகிய பவளத்துக்கு அது புது விளக்கு மாதிரிதான். அப்போதும் வாரம் 5 சதவீதம்தான்.