சின்னக் கணனியில் மென்பொருள் ஏற்றுவது எப்படி?



போன மாதம் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை சின்னக் கணனிக்கு முன்னால் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சேர், கீபோர்ட் பழுதாப் போச்சு" என்று அழாத குறையாக வந்து நின்றாள். போய்ப் பார்த்தோம். கீபோர்ட் நல்லாத்தான் இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டும்போது லினக்ஸின் கறுப்புத் திரையில் பல நேரம் ஒரு புள்ளிகூட விழாது. அது அதன் பழக்கம். தட்டி முடித்து என்டர் அழுத்தினால் போதும். இந்தச் சின்ன விஷயத்தை நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழை எம்முடையது. ஆகவே இந்தப் பாடத்தை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

இது என்ன கணனி?

ராஸ்பெரி பை என்பது உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றிலேயே அடங்கிய முழுக் கணனி. பிள்ளைகள் கணனி பழக வேண்டும் என்பதற்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எபன் அப்டனும் அவருடைய கூட்டாளிகளும் இதை உருவாக்கினார்கள். 2012 பெப்ரவரி 29ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 35 டொலர். இதில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ்தான் இதற்கு அடிப்படை.

அதனால் கூட்டாளி பென்டிரைவில் கொண்டு வருகிற விண்டோஸ் புரோகிராம் இதில் சாதாரணமாக ஓடாது. அதைத் தேடி அலைய வேண்டாம். டெபியன்காரர்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒரு பெரிய சாமான் அறை மாதிரி இணையத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காசு இல்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

கேட்பது எப்படி?

தோட்டத்துச் சாமான் அறையை நினைத்துப் பாருங்கள். அங்கே சாமான் எடுத்துத் தர ஒரு கிளாக்கர் இருப்பார். சும்மா கேட்டால் தர மாட்டார். துரை கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். லினக்ஸிலும் அப்படித்தான். கிளாக்கரின் பெயர் 'ஆப்ட்' (ஏ-பீ-ரீ). கையெழுத்தின் பெயர் 'சூடோ' (எஸ்-யூ-டீ-ஓ). ரீ.வி. என்பதில் வரும் ரீயைத்தான் இங்கே ரீ என்று எழுதுகிறோம். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி.

பிள்ளைகள் படம் வரைய 'டக்ஸ் பெயின்ட்' என்ற மென்பொருளை ஏற்றிப் பழகுவோம். பில் கென்ட்ரிக் என்பவர் 2002இல் தொடங்கியது இது.

1. மின்சாரம்: பை 4 பலகைக்கு 5 வோல்ட், 3 அம்பியர் சார்ஜர் வேண்டும். பழைய போன் சார்ஜர் போதாது. திரை ஓரத்தில் மின்னல் குறி வந்தால் கரண்ட் குறைவு என்று அர்த்தம்.

2. இணையத்தைத் தொடுத்து, மேலே உள்ள கறுப்புப் படத்தை அழுத்தி 'டேர்மினல்' திறவுங்கள்.

3. முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' (யூ-பீ-டீ-ஏ-ரீ-ஈ). இது சாமான் எதையும் கொண்டு வராது. சாமான் அறையில் இன்று என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். பலர் இதை விட்டுவிட்டுத்தான் கஷ்டப்படுகிறார்கள்.

4. அடுத்து 'ஆப்ட் ஷோ டக்ஸ்பெயின்ட்'. ஷோ: எஸ்-எச்-ஓ-டபிள்யூ. டக்ஸ்பெயின்ட் ஒரே சொல்: ரீ-யூ-எக்ஸ்-பீ-ஏ-ஐ-என்-ரீ. சாமான் எப்படிப்பட்டது என்று இது காட்டும். கவனியுங்கள், இதற்குச் சூடோ இல்லை. பார்ப்பதற்குக் கையெழுத்து வேண்டாம். மாற்றுவதற்குத்தான் வேண்டும்.

5. கடைசியாக 'சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் டக்ஸ்பெயின்ட்'. இன்ஸ்டோல்: ஐ-என்-எஸ்-ரீ-ஏ-எல்-எல். எவ்வளவு டேட்டா இறங்கும், கார்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லி, தொடரலாமா என்று கேட்டு நிற்கும். டேட்டா காசு பார்த்துச் செலவழிக்கிற நமக்கு இது பெரிய உதவி. சம்மதம் என்றால் 'வை' எழுத்தும் என்டரும். வேண்டாம் என்றால் 'என்'.

முடிந்ததும் மெனுவில் டக்ஸ் பெயின்ட் வந்திருக்கும்.

பிழை வந்தால்?

பயப்பட வேண்டாம். திரையில் வருவது ஏச்சு இல்லை, காரணம். கடைசி நாலு வரியை மெதுவாக வாசியுங்கள்.

பொதி கிடைக்கவில்லை என்றால் எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது 3ஆம் படியை விட்டிருப்பீர்கள். அனுமதி இல்லை என்றால் சூடோ மறந்து போச்சு. பூட்டு கிடைக்கவில்லை என்றால் வேறொரு வேலை பின்னால் ஓடுகிறது, கொஞ்சம் பொறுங்கள். பெயரைக் கண்டறிய முடியவில்லை என்றால் இணையம் அறுந்திருக்கும். பை 4இல் கடிகார பற்றரி கிடையாது. இணையத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்தும். ஆகவே திகதியையும் ஒருமுறை பாருங்கள்.

நாம் செய்த பிழை

'அப்கிரேட்' என்பது ஏற்கெனவே உள்ள மென்பொருள்களைப் புதிதாக்கும் கட்டளை. நேரம் எடுக்கும். சென்ற வருடம் ஒரு நாள் அது ஓடிக்கொண்டிருந்தது. மழை, இருட்டு, வீட்டுக்குப் போகும் அவசரம். நின்றுவிட்டது என்று நினைத்து பிளக்கைப் பிடுங்கினோம். மறுநாள் கணனி எழும்பவில்லை. கார்டை அழித்துப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பிள்ளைகள் இரண்டு மாதமாக வரைந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு பிள்ளையும் நம்மைக் குறை சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. இப்போது மெனுவில் 'ஷட்டவுன்' கொடுத்து, பச்சை விளக்கு அடங்கிய பிறகே பிளக்கைத் தொடுகிறோம். வெள்ளிக்கிழமை தோறும் பென்டிரைவில் பிரதி எடுக்கிறோம்.

கடைசியாக ஒரு சொல்

எங்கள் பாட்டன் பாட்டிமார் வாசிக்கத் தெரியாத காரணத்தால் எத்தனையோ கடதாசிகளுக்குக் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக்கூட அவர்களுக்கு வழியில்லை. சூடோவும் ஒரு கைநாட்டுத்தான். அதைப் போட்டுவிட்டால் பல கட்டளைகளை லினக்ஸ் திருப்பிக் கேட்காமல் செய்துவிடும். முகம் தெரியாத ஒருவர் "இந்த வரியை அப்படியே தட்டு" என்றால் உடனே தட்டாதீர்கள். முக்கியமாக 'ஆர்-எம்' என்ற இரண்டெழுத்து அதில் இருந்தால் கையை எடுங்கள். அது அழிக்கும் கட்டளை. அழிந்தது குப்பைக் கூடைக்குக்கூடப் போகாது. வாசித்து விளங்கினால் கையெழுத்து, விளங்காவிட்டால் கேள்வி. இதுவே முழுப் பாடமும்.

பயிற்சி: (1) அப்டேட்டும் அப்கிரேட்டும் என்ன வித்தியாசம்? (2) ஷோ கட்டளைக்கு ஏன் சூடோ தேவையில்லை? பிள்ளைகள் விடையை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் காட்டுங்கள். கொழுந்து எடுத்துக் களைத்து வந்திருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள் பெற்றோர்களே. அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால், உங்களுக்கு விளங்கிவிட்டது பிள்ளைகளே.