பரணில் கிடந்த ரிமோட் கார்

கேள்வி: சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த ரிமோட் காரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஓடவில்லை. மகனுக்கு எட்டு வயது. இதையே சரிசெய்து கொடுக்கலாமா, புதிது வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருக்கோகர்ணம்

பதில்: மகனுக்கா, உங்களுக்கா? யாருக்கானாலும், 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது என்பதற்காக அதை அங்கே சேர்த்துவிடாதீர்கள். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய செல் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் சுரண்டித் துடைத்துப் புது செல் போட்டாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். இல்லையென்றால் ஒயரில் பற்றவைப்பு விட்டிருக்கலாம். ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அந்தக் கால வண்டிகள் பல 27 மெகாஹெர்ட்ஸில் ஓடியவை. பக்கத்து வீட்டுப் பையனின் ரிமோட்டுக்கும் நம் கார் திரும்பி, தெருவில் சண்டை வந்தது அதனால்தான். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் தன் வண்டியோடு மட்டும் ஜோடி சேரும். அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொன்று ஓட்டலாம்.

புதிது வாங்குவதானால், கியரும் மோட்டாரும் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். ஜப்பானின் தமியா நிறுவனம் 1984-ல் விட்ட கிராஸ்ஹாப்பர் காரை 2005-ல் மறுபடி வெளியிட்டது. யாரை நினைத்து என்று சொல்ல வேண்டுமா? பெட்டிக்குள் உதிரிபாகங்களாகத்தான் வரும். உட்கார்ந்து பூட்ட வேண்டும். விலை ஆயிரங்களில் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

செம்மண் சரளையில் ஓட்டினால் கியரில் புழுதி ஏறும். பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். லித்தியம் பேட்டரியை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது.